வாசகர் கேள்வி – பதில்: பிரிட்டனில் எதை உண்பது, எதைக் கேட்டு உண்பது?

ஜூன், ஜூலை விடுமுறையில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்கத் தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குப் புறப்படும் நம் வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை உணவைப் பற்றியே இருந்தமையால், இம்மாதப் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

சாட்ஸ்வொர்த் வாசகி: என் மகள் லீட்ஸ் நகரில் தாதியாகப் பணிபுரிகிறாள். நானும் என் கணவரும் முதன்முறையாக அங்கே செல்லவிருக்கிறோம். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சமைப்பதில்லை. "இங்கே வந்தால் கோழி, மீன் தவிர வேறு எதையும் கேட்காதீர்கள், அம்மா" என்கிறாள் மகள். அந்நாட்டின் பாரம்பரிய உணவில் எங்களுக்கு ஏற்றது ஒன்றுமே இல்லையா, ஐயா?

பதில்: உங்கள் மகளின் எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது, அம்மா. ஆனால் அதை அப்படியே பின்பற்றினால் அந்நாட்டின் நல்ல உணவில் பாதியைச் சுவைக்காமலே திரும்பிவிடுவீர்கள். வேல்ஸ் மலைச்சரிவுகளிலும், உங்கள் மகள் இருக்கும் யார்க்‌ஷயரின் மேட்டுநிலங்களிலும், ஸ்காட்லாந்திலும் செம்மறியாடு வளர்ப்பு நூற்றாண்டுகளாக நடந்துவரும் தொழில். ஆட்டிறைச்சியைக் கொண்டு சமைக்கும் பழைய உணவுகளுக்கு அங்கே குறைவில்லை.

முதலில் லங்காஷயர் ஹாட்பாட்டைக் கேளுங்கள். ஆட்டுக்கறித் துண்டுகளையும் வெங்காயத்தையும் ஆழமான சட்டியில் அடுக்கி, அவற்றின்மேல் வட்ட வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியப் பரப்பி, மூடி, மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவிட்டு, கடைசியில் மூடியை எடுத்து மேற்பரப்பைப் பொன்னிறமாக முறுகவிடுவார்கள். அடியில் உள்ள கறி கரண்டி பட்டாலே பிரிந்துவிடும். மேலே இருக்கும் கிழங்கின் விளிம்பு மட்டும் மொறுமொறுவென்று நிற்கும். காடியில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸைத் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் உணவு சற்றுத் திகட்டும். எனவே அதை ஒதுக்கிவிடாதீர்கள். வேல்ஸுக்குச் செல்ல வாய்த்தால், ஆட்டுக்கறியும் லீக் என்ற வெங்காய இனத் தண்டும் கிழங்குகளும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் 'கௌல்' என்ற சாறும் இதே குணம் உடையது.

அடுத்து ஷெப்பர்ட்ஸ் பை. கொத்துக்கறியின்மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுட்ட உணவு இது. ஆட்டிறைச்சி என்றால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டிறைச்சி என்றால் காட்டேஜ் பை என்பதே வழக்கு. ஆயினும் சில விடுதிகளில் இரண்டையும் குழப்பி எழுதுவதுண்டு என்பதால், பெயரை மட்டும் நம்பாமல் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாவுக்குள் பூரணம் பொதிந்து சுடும் கார்னிஷ் பேஸ்டியைப் பொறுத்தவரை ஐயத்துக்கே இடமில்லை: 2011 முதல் புவிசார் பாதுகாப்புப் பெற்ற அந்தப் பெயரை, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப் வகைக் கிழங்கும் வெங்காயமும் வைத்துக் கார்ன்வாலில் செய்ததற்கு மட்டுமே இடலாம். அதே கடைகளில் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த பேஸ்டியும், ஆட்டுக்கறியும் புதினாவும் வைத்த பேஸ்டியும் கிடைக்கும். அவை உங்களுக்குப் பொருந்தும்.

இனி, உண்மையில் கவனிக்க வேண்டியதற்கு வருகிறேன். மாட்டிறைச்சி உண்ணாத நம்மவர்கள் அங்கே தவறுவது பெரும்பாலும் இறைச்சியில் அன்று, கொழுப்பில்தான். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்டில், அதாவது சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் கிரேவியும் சேர்ந்த மதிய விருந்தில், ஆட்டிறைச்சியையே கேட்டு வாங்குவீர்கள்; புதினாச் சாறும் உடன் வரும்; ஆனால் உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோ வறுத்திருப்பார்கள், எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே பாத்திரத்துக் கிரேவியை ஊற்றியிருப்பார்கள். யார்க்‌ஷயர் புட்டிங்கும் அப்படித்தான். மாவு, முட்டை, பால் ஆகிய மூன்றே பொருளால் ஆன கரைசல் அது; ஆனால் புகை எழும் அளவுக்குக் காய்ந்த கொழுப்பில் அதை ஊற்றினால்தான் விளிம்பு உயர்ந்து நடுவில் குழி விழும், பழைய முறைப்படி அந்தக் கொழுப்பு மாட்டிறைச்சியிலிருந்து வடிந்த 'டிரிப்பிங்' ஆகும். இப்போது தாவர எண்ணெயில் செய்யும் விடுதிகள் பல. ஆகவே, "இதில் என்ன இறைச்சி?" என்று கேட்பதோடு நிற்காமல், "எந்தக் கொழுப்பில் வறுத்தீர்கள், கிரேவி எதிலிருந்து செய்தது?" என்றும் கேளுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. பணிப்பெண் சமையலறைக்குள் சென்று விசாரித்து வந்து சொல்வார்.

ஃபீனிக்ஸ் வாசகர்: மீனும் சிப்ஸும் நம் டர்பனிலேயே தெருவுக்குத் தெரு கிடைக்கும்போது, அதற்காக அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டுமா?

பதில்: நிற்கத்தான் வேண்டும் என்பேன். நம் கடைகளில் ஹேக் மீன்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. சிப்ஸும் வினிகரில் ஊறித் துவண்ட ஸ்லாப் சிப்ஸாக இருக்கும். அதன் சுவை வேறு, அதை நான் குறைசொல்ல மாட்டேன். பிரிட்டனில் காட் அல்லது ஹாடக். தெற்கே காட் மீனும், யார்க்‌ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் ஹாடக்கும் விரும்பப்படுகின்றன. ஹாடக் சற்று இனிப்பானது, சதை மெல்லிய இதழ்களாகப் பிரியும்.

நல்ல கடை என்றால் மீனை முன்கூட்டியே பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைக்கமாட்டார்கள். கடைக்காரர் மீன் துண்டின் ஓரத்தைப் பிடித்து மாவில் தோய்த்து, எண்ணெயின் மேற்பரப்பில் அப்படியும் இப்படியுமாக ஓரிரு முறை அலையவிட்டு, மாவு உப்பத் தொடங்கிய பிறகே கையை விடுவார். உடனே விட்டால் அது அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். வடக்கே எண்ணெயில் உதிர்ந்த மாவுத் துணுக்குகளைச் சலித்தெடுத்து, கேட்பவர்களுக்கு இலவசமாகவே சிப்ஸின்மேல் தூவித் தருவதுண்டு. உடன் வரும் பச்சை நிறப் பட்டாணி மசியலைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். முற்றிய காய்ந்த பட்டாணியைச் சோடா உப்பு சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவைத்தது அது. பருப்பு உண்டு வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகவே தோன்றாது.

இந்த உணவுக்கு ஒரு காலப்பொருத்தமும் உண்டு. பொரித்த மீனை ஐபீரிய யூதர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அதையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து விற்ற முதற்கடை 1860 அளவில் கிழக்கு லண்டனில் ஜோசப் மாலின் தொடங்கியது என்று ஒரு சாராரும், 1863 அளவில் லங்காஷயரின் மாஸ்லியில் ஜான் லீஸ் தொடங்கியது என்று மற்றொரு சாராரும் இன்றும் வாதிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து நம் முன்னோர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறையை அடைந்ததும் 1860 நவம்பர் 16 அன்றுதான். இரண்டாம் உலகப் போரின்போது இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் பங்கீட்டு அட்டைக்கு உட்பட்டபோதும் மீனும் சிப்ஸும் பங்கீட்டுக்கு உட்படவில்லை என்பதிலிருந்தே, அம்மக்கள் வாழ்வில் இதற்குள்ள இடம் விளங்கும்.

ஒரே எச்சரிக்கை: யார்க்‌ஷயரிலும் அதைச் சுற்றிய வட பகுதிகளிலும் பல கடைகள் இன்றும் மாட்டுக்கொழுப்பிலேயே பொரிக்கின்றன, அதைப் பெருமையாகப் பலகையிலும் எழுதிவைக்கின்றன. ஹலால் பலகை தொங்கும் கடைகளில் பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். லீட்ஸ், பிராட்ஃபோர்டு பகுதிகளில் அத்தகைய கடைகளைத் தேடி அலைய வேண்டியிராது.

டொங்காட் வாசகி: எங்கள் பயணம் புரட்டாசியில் அமைந்துவிட்டது. அம்மாதம் முழுவதும் நாங்கள் மரக்கறி மட்டுமே உண்போம்; முட்டையும் கூடாது. ரொட்டியையும் வாழைப்பழத்தையும் தின்றுதான் நாளைக் கழிக்க வேண்டுமோ?

பதில்: அவ்வாறு அஞ்ச வேண்டாம். மரக்கறி உணவுக்கென ஒரு சங்கம் 1847இலேயே ராம்ஸ்கேட் நகரில் தொடங்கப்பட்ட நாடு அது. இன்று உணவகப் பட்டியல்களிலும் பொட்டலங்களிலும் மரக்கறிக் குறியீடு இல்லாத இடம் அரிது. ஆயினும் அவர்களுடைய மரக்கறியில் முட்டை அடங்கும். முட்டையும் வேண்டாம் என்றால் வீகன் என்ற குறியீட்டைப் பாருங்கள். அதில் பாலும் இராது.

பாரம்பரிய உணவுகளில் தயக்கமின்றிச் சொல்லக்கூடியவை: தோலோடு சுட்டு, பிளந்து, வெண்ணெயும் வேகவைத்த பீன்ஸும் நிரப்பிய உருளைக்கிழங்கு, ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், வெங்காயம் வைத்துத் தரும் பிளவ்மன்ஸ் லன்ச், எஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பிசைந்து கல்லில் வார்த்த பபிள் அண்ட் ஸ்குவீக். பாலாடைக்கட்டியைப் பொறுத்தவரை, பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சில பழைய தயாரிப்பாளர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள். 'மரக்கறி உண்பவர்களுக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் இல்லை. வேல்ஸின் கிளமார்கன் சாசேஜ், பெயர் எப்படியிருந்தாலும் இறைச்சி இல்லாதது. கேர்ஃபிலி பாலாடைக்கட்டியும் லீக்கும் ரொட்டித்தூளும் சேர்ந்தது. ஆனால் முட்டை சேர்த்தே பிடிப்பார்கள் என்பதால் புரட்டாசி முடிந்த பிறகு உண்ணுங்கள்.

வெல்ஷ் ரேர்பிட்டைப் பலர் வாட்டிய ரொட்டியின்மேல் வெறும் பாலாடைக்கட்டி என்றே எண்ணிக் கேட்கிறார்கள். உருக்கிய பாலாடைக்கட்டியோடு பீரும் கடுகும் வூஸ்டர்ஷயர் சாஸும் சேர்ந்ததுதான் அது. 1837 முதல் விற்பனையாகும் அந்தச் சாஸில் நமக்குப் பழக்கமான புளி இருக்கிறது; நெத்திலியும் இருக்கிறது. நம் வீட்டு அலமாரிகளிலும் அந்தப் புட்டி நிற்கிறது, நோன்பு நாளில் அதை யார் திருப்பிப் படித்துப் பார்க்கிறார்கள்?

இனிப்புகளில் மறைந்திருப்பது சூயட், அதாவது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக்கொழுப்பு. ஆவியில் வேகவைக்கும் பழைய புட்டிங்குகள், ஜாம் ரோலி போலி, கிறிஸ்துமஸ் புட்டிங், மின்ஸ் பை ஆகியவற்றில் அது மரபாகச் சேரும். தாவரக் கொழுப்பில் செய்தவையும் கடைகளில் உண்டு, எனவே கேட்டு வாங்கலாம். நீங்கள் செல்லும் பருவமோ இலையுதிர் காலம். ஆப்பிளும் பிளாக்பெரியும் பழுத்துக் குவியும் நேரம். மாவு, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் விரல்நுனியால் உதிர்த்துப் பழத்தின்மேல் தூவிச் சுடும் கிரம்பிளைச் சூடாகக் கேளுங்கள். கஸ்டர்டை ஊற்றுமுன், அது முட்டையில் காய்ச்சியதா, பொடியில் கலந்ததா என்று விசாரியுங்கள். முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காகப் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்டு 1837இல் சோளமாவைக் கொண்டு உருவாக்கியதுதான் கஸ்டர்டு பொடி. ஆகவே பொடிக் கஸ்டர்டு உங்கள் நோன்புக்குத் தடையாகாது.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ளுங்கள். அங்குள்ள உணவகங்கள் ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருள்களைப் பற்றிய தகவலைத் தரச் சட்டத்தால் கடமைப்பட்டவை. பால், முட்டை, மீன், கடுகு எல்லாம் அதில் உண்டு. மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் இல்லை. எனவே அந்த அட்டவணையை மட்டும் பார்த்து மனநிறைவு அடைய வேண்டாம். கடையிலேயே செய்து பொட்டலமிட்டு வைத்திருக்கும் சாண்ட்விச் போன்றவற்றில், 2021 அக்டோபர் முதல் சேர்பொருள்கள் அனைத்தையும் அச்சிட வேண்டும் என்பதால், அவசரத்துக்கு அவையே நம்பகமானவை.

பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகர்: எடின்பரோவில் ஹாகிஸ் சாப்பிடலாமா? கேட்கவே அருவருப்பாக இருக்கிறதே!

பதில்: ஆட்டுக்குடலைப் பீன்ஸோடு சேர்த்துக் குழம்பு வைத்து, தலைக்கறியையும் காலையும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாகப் பரிமாறும் நாம் இதற்கு அருவருப்பது சற்று வேடிக்கைதான்! ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கொத்தி, வெங்காயம், ஓட்ஸ், கொழுப்பு, மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைப்பது ஹாகிஸ். மிளகின் காரம் தெளிவாகத் தெரியும். பிரிட்டனின் பழைய உணவுகளில் நம் நாக்குக்கு இவ்வளவு நெருங்கி வருவது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சள் டர்னிப்பும் உடன் வரும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25 அன்று இதற்குப் பெருவிழாவே எடுப்பார்கள் என்றாலும், ஆண்டு முழுவதும் கிடைக்கும். சேர்க்கும் கொழுப்பும் மேலுறையும் சில இடங்களில் மாட்டினுடையவையாக இருப்பதால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எடின்பரோவின் மக்ஸ்வீன் நிறுவனம் 1984இல் அறிமுகப்படுத்திய மரக்கறி ஹாகிஸ் பருப்பு, பயறு, ஓட்ஸ் கொண்டது. அதையும் தாழ்வாக எண்ண வேண்டாம்.

மெரிபேங்க் வாசகி: ஸ்கோன் என்னும் சிறு ரொட்டியில் முதலில் தடவுவது ஜாமா, கிரீமா?

பதில்: டெவனில் கிரீம் முதலில், கார்ன்வாலில் ஜாம் முதலில். எந்த மாவட்டத்தில் அமர்ந்திருக்கிறீர்களோ அதன்படி தடவுங்கள், சண்டை வராது. இரண்டு இடத்திலும் கிரீம் என்பது பாலைச் சூடாக்கி ஆறவிட்டு, மேலே படியும் கெட்டி ஆடையை எடுத்தது. நம் வீட்டுப் பாலேட்டை நினைவூட்டும்.

லெனேசியா வாசகர்: அவர்களுடைய உணவில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை என்கிறார்களே. மிளகாய்த்தூளும் பில்டாங்கும் பெட்டியில் எடுத்துச் செல்லலாமா?

பதில்: பில்டாங் உலர்த்திய இறைச்சி என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் பிரிட்டனுக்குள் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். மிளகாய்த்தூள் உங்கள் விருப்பம். ஆனால் ஹாட்பாட்டின்மேல் அதைத் தூவி, பிறகு "எல்லாம் ஒரே சுவை" என்று திரும்பி வந்து சொல்வதில் பயன் இல்லை.

உறைப்பு அங்கே வேறு வழியில் வருகிறது. ரோஸ்ட் இறைச்சியோடு வைக்கும் குதிரைமுள்ளங்கிச் சாஸ் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவழைக்கும். ஆங்கிலக் கடுகோ பிரெஞ்சுக் கடுகைப் போலச் சாதுவானதன்று. பொடியைக் குளிர்ந்த நீரில் குழைத்துச் சற்று நேரம் வைத்தால்தான் அதன் காரம் வெளிப்படும், கொதிநீர் ஊற்றினால் கெட்டுவிடும். காலிஃபிளவரையும் வெள்ளரியையும் மஞ்சளும் கடுகும் சேர்த்து ஊறவைக்கும் பிக்கலில்லி, இந்திய ஊறுகாயைப் பார்த்து ஆங்கிலேயர் செய்யத் தொடங்கியது. நம் காய்கறி ஊறுகாயோடு அதை ஒப்பிட்டு உண்பது ஒரு தனி மகிழ்ச்சி. எண்ணெய் இல்லாமல் காடியிலேயே நிற்பதுதான் பெரிய வேறுபாடு. சோறு தேடும் நாளில், புகையூட்டிய ஹாடக்கும் அவித்த முட்டையும் மசாலாத்தூளும் சேர்ந்த கெட்ஜரியைக் கேளுங்கள். நம் கிச்சடி அங்கே சென்று மீன் சேர்த்துக்கொண்ட கதை அது.

ஐசிபிங்கோ வாசகர்: தங்குமிடத்தில் காலையுணவு இலவசம் என்கிறார்கள். ஆனால் படத்தில் பார்த்தால் எல்லாம் பன்றி.

பதில்: பேக்கனும் சாசேஜும் பன்றிதான், கருநிற வட்டமாக இருக்கும் பிளாக் புட்டிங் பன்றியின் இரத்தத்தில் செய்வது. அவற்றை நீக்கி முட்டை, காளான், தக்காளி, பீன்ஸ், ரொட்டி மட்டும் கேட்டால் தருவார்கள். எனினும் பட்டியலில் கிப்பர் இருந்தால் அதையே கேளுங்கள். முதுகுப்புறமாகப் பிளந்து, உப்புநீரில் நனைத்து, மரப்புகையில் வாட்டிய ஹெர்ரிங் மீன் அது. எலுமிச்சையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் போதும். நார்தம்பர்லாந்து கடற்கரையில் உள்ள கிராஸ்டர் என்னும் சிற்றூர் இதற்குப் பெயர்பெற்றது.

புகைமீனில் விருப்பம் உண்டானால், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஆர்புரோத்துக்கும் சென்று வாருங்கள். தலையும் குடலும் நீக்கி உப்பிட்ட ஹாடக் மீன்களை இரண்டிரண்டாக வாலில் சணலால் கட்டி, கோலின் இருபுறமும் தொங்கவிட்டு, கெட்டி மரம் எரியும் குழியின்மேல் வைத்து, நனைத்த சாக்கால் மூடிவிடுவார்கள். ஈரச்சாக்கினால் நெருப்பு அடங்கி, ஆவியும் புகையும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மீனை முழுவதுமாக வேகவைத்துவிடும். தோல் செம்பு நிறமாகும். சதை பால்போல் வெண்மையாக, ஈரம் வற்றாமல் இருக்கும். சமைக்கத் தேவையில்லை, தாளில் சுற்றித் தருவதை நின்றபடியே கையால் பிய்த்து உண்ணலாம். 2004 முதல் இப்பெயரும் அவ்வட்டாரத்துக்கே உரியதாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கொழுப்பைப் பற்றிய கேள்வி எதுவும் கேட்காமல் நம்மவர்கள் உண்ணத்தக்க உணவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்.

ஸ்டாங்கர் வாசகி: ஒரே ஓர் இனிப்புதான் என்றால்?

பதில்: ஸ்டிக்கி டாஃபி புட்டிங். நறுக்கிய பேரீச்சம்பழம் சேர்த்துச் சுட்ட கேக்கின்மேல் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் கிரீமும் காய்ச்சிய பாகைச் சூடாக ஊற்றுவார்கள். பாகை ஊற்றுவதில் நம் மால்வா புட்டிங்குக்கு உறவினர் என்றாலும், பேரீச்சம்பழத்தால் இதன் இனிப்புக்கு ஒரு ஆழம் வருகிறது. 1970களில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து விடுதியொன்றிலிருந்து புகழடைந்தது. ஆகவே 'பாரம்பரியம்' என்று சொன்னால் சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். சூயட் இல்லை, முட்டை உண்டு.

வெருலம் வாசகர்: லண்டனில் எங்களுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். குடும்பமாக ஐந்து பேர். ரோஸ்ட் உண்ண விரும்புகிறோம். எப்படி ஏற்பாடு செய்வது?

பதில்: நேரே சென்று மேசை கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், நல்ல பப்களில் ஞாயிறு மதியத்துக்குச் சில நாள் முன்பே பதிவுசெய்துவிடுவார்கள். பதியும்போதே இரண்டு விவரங்களைக் கேட்டுவிடுங்கள்: அன்று ஆட்டிறைச்சி இருக்குமா, மாட்டிறைச்சி சேராத கிரேவி தனியாகத் தர முடியுமா. மரக்கறி உண்பவர் யாராவது இருந்தால், பருப்பும் கொட்டைகளும் சேர்த்துச் சுடும் நட் ரோஸ்டை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். பல பப்களில் பானத்துக்கும் உணவுக்கும் நீங்களே கவுண்டருக்குச் சென்று மேசை எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும். யாராவது வந்து கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தால் பசிதான் மிஞ்சும். நண்பகல் பன்னிரண்டரைக்குப் பதிந்துகொள்ளுங்கள். மூன்று மணிக்குமேல் போனால் ஆட்டிறைச்சி தீர்ந்து கோழி மட்டுமே இருக்கும்.